வலப்பக்கம் களைத்த ஒரு சின்ன இதயம்

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் பழைய வாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. புதிய ஸ்கேன் இயந்திரம் வந்திருக்கிறதாம், வந்து பார்க்கிறீர்களா மெடம் என்று கேட்டார்கள். ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டால், மரியாதைக்காவது கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு உடனே ஓட்டோ பிடித்தேன். கறி அரைவேக்காட்டில் கிடந்ததற்காக அன்று மத்தியானம் முழுக்க என் கணவர் என்னோடு பேசவில்லை.

இயந்திரம் அப்படி ஒரு அழகு. தாயின் வயிற்றில் கருவியை வைத்ததும் அதுவே சிசுவின் தலையை அளக்கிறது, தொடை எலும்பை அளக்கிறது, இதயத்தின் நான்கு அறைகளையும் தேடிப்பிடித்துப் பெயர் எழுதுகிறது. நான் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பயிற்சி வைத்தியர் ஒருத்தி, "எல்லாத்தையும் இதுவே செய்யுது மெடம். இனி நாங்க எதைப் படிக்கிற?" என்று கேட்டாள். அங்கேயே நின்று பதில் சொல்லத் தொடங்கினேன். கிளினிக் தொடங்கிவிட்டதால் பாதியில் ஓடிவிட்டாள். மிச்சத்தை எழுதினால்தான் எனக்கு நித்திரை வரும்.

நான் தாயையும் வயிற்றிலிருக்கும் சிசுவையும் சேர்த்துப் பார்க்கிற விசேட வைத்தியராக இருந்தவள். என் பதவிக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். "வயித்துக்குள்ள இரிக்கிற புள்ளைக்கு வைத்தியம் பாக்கிற டொக்டர்" என்பார்கள். அதைவிடச் சரியான பெயரை நான் கேட்டதில்லை.

பழுகாமத்தில் பிறந்தேன். மருத்துவம் படித்தேன், பிரசவ மருத்துவத்தில் பட்டம் எடுத்தேன், கொழும்பில் சில வருடம் பயின்றேன், குளிர்நாடு ஒன்றில் ஒரு வருடம் நடுங்கினேன். பரீட்சைக் கதை எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை தொடங்கிய காலத்தில், மட்டக்களப்பில், எங்களிடம் இருந்தது ஒரு சிறிய மரக்குழல். அதைத் தாயின் வயிற்றில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்போம். துடிப்புக் கேட்கும், அல்லது கேட்காது. உள்ளே இருப்பவரிடமிருந்து வருவது இந்த இரண்டு செய்திதான். அப்படிப் பழகிய நான், கொழும்பில் முதன்முறையாக ஒரு திரையில் சிசுவின் இதய வால்வுகள் திறந்து மூடுவதைப் பார்த்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். சில்லுவைத்த கதிரை உருண்டுபோய்ப் பின்னால் நின்ற பேராசிரியரின் முழங்காலில் இடித்தது. எங்கள் அறிமுகம் அப்படித்தான் நடந்தது.

அவரை எல்லாரும் சேர் என்றுதான் அழைப்போம். சிங்களவர், மெலிந்த உருவம், குரல் உயரவே உயராது. முழங்காலைத் தடவிக்கொண்டு, "நல்லது. எழும்புகிறவர்கள்தான் எனக்கு வேணும்" என்றார். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அவர் ஸ்கேன் செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவார். ஜெல்லை உள்ளங்கையில் எடுத்துச் சூடாக்கிய பிறகுதான் வயிற்றில் பூசுவார். கருவியை வைத்ததும் தாய்க்கு இதயத்தைக் காட்டுவார். "அம்மா, இந்தா. ஆடுது, பாருங்க. நல்லா ஆடுது." அவருடைய தமிழ் அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது. பிறகு, "இப்ப நான் பேச மாட்டேன். பயம் வேணாம். எனக்கு வேலை" என்பார். வைத்தியர் ஸ்கேன் அறையில் மௌனமானால் தாய்க்கு உயிர் போய்வரும். அந்த ஒரு வசனத்தால் அவர் அந்தப் பயத்தை எடுத்துவிடுவார். நான் இத்தனை வருடமும் இதே வரிசையில்தான் செய்தேன். ஒருநாள்கூட மாற்றியதில்லை.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு, "இல்லை". தாய் வேறு மருந்து எதுவும் பாவிப்பதில்லை என்று நாங்கள் சொன்னால், "நீ என்ன கேட்டாய்?" என்பார். மருந்து பாவிக்கிறீர்களா என்று கேட்டேன் என்போம். "அப்படிக் கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்லுவேன்." பிறகு தாய் பக்கம் திரும்பி, "அம்மா, என்ன பூசுறது? என்ன குடிக்கிறது? யார் என்ன குடுத்தது?" என்று தொடங்குவார். கஷாயம் வரும், எண்ணெய் வரும், கோயில் மருந்து வரும், பக்கத்து வீட்டு அக்காவின் குளிசை வரும். எங்களுக்கு முகம் சிவக்கும். அவர் தாயை ஒருபோதும் ஏசமாட்டார். ஏசினால் அடுத்தமுறை பதில் வராது என்பது அவருடைய கணக்கு.

மட்டக்களப்புக்குத் திரும்பிவந்து என் சொந்த ஸ்கேன் அறையில் உட்கார்ந்தபோது எனக்கு ராசாத்தி மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் ஊருக்கு ஒரே கேள்விதான், ஆணா பெண்ணா. அதைச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். வவுணதீவிலிருந்து வந்த ஒரு கமக்காரர் கதவடியில் நின்று மன்றாடினார். "பொம்பிளப் புள்ள எண்டா இப்பவே வளவுக்க அத்திவாரம் போடணும் டொக்டர். மழைக்கு முதல் சொன்னாத்தான் கல்லறுக்கலாம்." எங்கள் பக்கத்தில் மகளுக்குத்தானே வீடு. மருமகன் வந்து அந்த வீட்டில் இருப்பார். நான் சொன்னேன், "அண்ணன், அத்திவாரத்தப் போடுங்க. ஆம்பிளப் புள்ள எண்டாலும் மாட்டுக் கொட்டிலுக்கு உதவும்." பிறந்தது பெண். அவர் இன்றைக்கும் எங்கேயாவது கண்டால், நீங்கள் மறைமுகமாகச் சொன்னீர்கள்தானே என்று சிரிப்பார். சத்தியமாக இல்லை.

இதே வழக்கத்தை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். மகள்மாருக்கு வீடு கொடுக்கிற ஊரில், கலியாணம் முடித்த பெண்ணும் தாயின் வளவுக்குள்ளேதான், அதே காணிக்குள்ளேதான் இருப்பாள். அக்கா ஒரு வீடு, தங்கை அடுத்த வீடு, நடுவில் தாய். ஒரு வீட்டுக்கு வந்தது எல்லா வீட்டுக்கும் போகும்.

றிஸ்மியா ஏறாவூரிலிருந்து வந்தாள். முதற்பிள்ளை, ஏழு மாதம் தாண்டியிருந்தது. அங்கே ஸ்கேன் செய்தவர் இதயம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்று எழுதி அனுப்பியிருந்தார். கூடவே அவளுடைய தாய், நானும் அவரை உம்மா என்றே அழைத்தேன். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

ஜெல்லைச் சூடாக்கினேன். இதயத்தைக் காட்டினேன். "இந்தா மகள், துடிக்குது பாருங்க. இப்ப நான் கொஞ்சம் பேசமாட்டன், எனக்கு வேலை." அதன்பிறகு உண்மையாகவே எனக்குப் பேச வரவில்லை. இதயத்தின் வலது பக்கம் இடது பக்கத்தைவிடப் பருத்திருந்தது. வலப்பக்க வால்வு மூட வேண்டிய நேரத்தில் இரத்தம் பின்னால் கசிந்தது. இதயத்தைச் சுற்றி மெல்லிய கோடாக நீர். ஆனால் அறைகள் சரி, சுவர்கள் சரி, வால்வுகள் பிறவியில் சரி. கட்டிய வீட்டில் பிழையில்லை, ஏதோ ஒரு வாசலை யாரோ அடைக்கிறார்கள். கருவியை அரை விரல் அளவு மேலே சாய்த்தேன். அங்கே கண்டேன்.

வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மூச்சு இல்லை, ஆகவே சுவாசப்பைக்கு இரத்தம் அதிகம் தேவையில்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டாத நாளில் வடிச்சல் வாய்க்காலால் திருப்பிவிடுவதுபோல, இதயத்தின் வலது பக்கம் தள்ளுகிற இரத்தத்தை ஒரு சிறிய குழாய் உடம்புக்குத் திருப்பிவிடும். பிறக்கும்வரை அந்தக் குழாய் திறந்திருக்க வேண்டும். றிஸ்மியாவின் பிள்ளைக்கு அது ஒடுங்கியிருந்தது. தோட்டக் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் சீறுமே, அப்படி இரத்தம் சீறிக்கொண்டு போனது. வலது பக்கம் அந்த ஒடுக்கத்துக்கு எதிராக முழுப் பலத்தோடு தள்ளித்தள்ளிக் களைத்துப்போயிருந்தது.

குழாய் இப்படி ஒடுங்குவதற்கு முதற்காரணம் தாய் எடுக்கிற நோவுக் குளிசை, அதாவது வலிமாத்திரை. அது எங்கள் பாடப்புத்தகத்தில் உண்டு. சேர் கேட்கிறமாதிரியே கேட்டேன். என்ன பூசுற, என்ன குடிக்கிற, நோவுக்கு ஏதும் போடுறீங்களா?

"இல்ல டொக்டர். கிளினிக்ல தாற இரும்புக் குளிசையும் கல்சியமும்தான்" என்றாள் றிஸ்மியா.

"வேற மருந்து வீட்டுக்குள்ளயே எடுக்கிறல்ல டொக்டர்" என்றார் உம்மா. "புள்ளத்தாச்சிக்கு மருந்து குடுக்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியாதா?"

பொய் சொல்கிற முகங்கள் இல்லை. படங்களைக் கைத்தொலைபேசியில் சேருக்கு அனுப்பினேன். அப்போது அவரும் ஓய்வுபெற்றிருந்தார். உடனேயே அழைத்தார். "வலது பக்கம் களைத்துவிட்டது. காரணம் தெரிந்தால் அதை நிறுத்திவிட்டுக் காத்திரு. தெரியாவிட்டால் காத்திருக்காதே, வெளியே எடு." வைத்துவிட்டார்.

வெளியே எடுத்தால் அது குழந்தை வைத்தியர் அருளின் கைக்குப் போகும். அருள் என் நல்ல நண்பர், கெட்டிக்காரர், ஆனால் தூறல் விழுந்தாலே வெள்ளம் வரும் என்று சொல்கிற ஆள். படங்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சுவாசப்பை பழுக்கல்ல. இதயம் களைச்சிரிக்கு. தாங்க, சண்டை பிடிச்சிப் பாக்கிறன். வெல்லுவன் எண்டு சொல்லமாட்டன்."

"உள்ள விட்டா?"

"உள்ள துடிப்பு நிண்டுபோனா சண்டை பிடிக்கவும் ஆளில்ல, டொக்டர்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்திரசிகிச்சை என்று முடிவெடுத்தோம். றிஸ்மியாவின் கணவர் கையெழுத்துப் போட்டார். தாதிமார் கூடத்தைத் தயார் செய்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணமில்லாமல் ஒரு குழாய் ஒடுங்குவது உண்டு, ஆனால் அரிது. ஏதோ கைக்கெட்டின தூரத்தில் கிடக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. மறுபடி வாட்டுக்குப் போனேன்.

றிஸ்மியா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உம்மா அவளுடைய இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கிட்டப் போனதும் ஒரு வாசம். அத்தரும் புதுச் சவர்க்காரமும் கலந்த வாசம். மட்டக்களப்பில் இந்த வாசத்தைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டியை உடைத்துச் சொந்தக்காரர்களுக்குப் பகிர்ந்துகொடுத்த வீட்டின் வாசம் அது. கிழமைக்கணக்கில் துணியில் ஒட்டியிருக்கும்.

"உம்மா, ஊருக்கு ஆரு வந்த?" என்று கேட்டேன்.

அவருடைய முகம் அன்று முதன்முறையாக மலர்ந்தது. "என்ட தம்பி வந்தவன் டொக்டர், கட்டார்ல இருந்து. மூணு வருசத்துக்குப் பொறகு."

"என்னென்ன கொண்டாந்த?"

"ஐயோ, அவன் ஒண்டும் விடல்ல. போர்வை, பால்மா, அத்தர், பிஸ்தா, புள்ளைக்குச் சட்டை. எனக்கு முழங்கால் நோவெண்டு ஒரு பெரிய போத்தல் குளிசையும். நல்ல குளிச. எனக்குக் கேட்டிச்சி, அதால இவளுக்கும் இடுப்பு உளைவுக்குக் குடுத்தன். காலையிலயும் ராவைக்கும்."

"உம்மா, காலையில மருந்து இல்லெண்டு சொன்னீங்களே."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "அது மருந்தில்லயே டொக்டர். அது தம்பி கொண்டாந்த சாமான்."

போத்தல் றிஸ்மியாவின் கைப்பைக்குள்ளேயே இருந்தது. ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் ஆங்கிலம். டைக்ளோபினாக். உம்மா என் முகத்தைப் பார்த்து ஏச்சுக்குத் தயாராக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். வாட்டே திரும்பிப் பார்த்தது. கண்டுபிடித்த காரணம் எவ்வளவு பொல்லாததாக இருந்தாலும் நிறுத்தக்கூடியது என்றால் அதைப்போல ஒரு நல்ல செய்தி எங்கள் தொழிலில் கிடையாது. எனக்கு அந்த நேரத்தில் குதிக்க வேண்டும்போல இருந்தது, வயது ஐம்பதைத் தாண்டியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அருளிடம் போத்தலைக் காட்டினேன். அவர் தலையில் கையை வைத்தார். "நான் குறைமாசப் புள்ளைகளுக்கு அந்தக் குழாயப் பூட்டுறத்துக்குக் குடுக்கிற மருந்தின்ட சொந்தக்காரன் இது. இவங்க உள்ளுக்கையே குடுத்திட்டாங்க."

"நிப்பாட்டினா திறக்கும்."

"திறக்கலாம்" என்று திருத்தினார். "அதுவரைக்கும் இதயம் தாங்குமெண்டு ஆரு சொன்ன?"

அவர் சொன்னது நியாயம். காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக ஆபத்துப் போய்விடவில்லை. எடுத்தால் ஒரு போராட்டம், விட்டால் ஒரு நம்பிக்கை. இரண்டையும் றிஸ்மியாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "நீங்க எண்டா என்ன செய்வீங்க டொக்டர்?"

"நான் காத்திருப்பன் மகள்."

"அப்ப நானும் காத்திருக்கன்."

சத்திரசிகிச்சையை நிறுத்தச் சொன்னேன். எந்த நேரமும் திரும்பத் தயார் செய்யலாம் என்ற ஏற்பாட்டோடு. வெளியே வந்தபோது உம்மா என் கையைப் பிடித்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. "நான் குடுத்ததாலயா அந்தக் குழாய் பூட்டுப்பட்ட?"

பொய் சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த வளவில் இன்னும் இரண்டு மகள்மார் இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளுக்கும் அதே குளிசை போயிருக்கும். "ஓம் உம்மா" என்றேன். "தெரியாமக் குடுத்த. ஆனா அதாலதான்."

அவர் அழவில்லை. "தம்பிக்கிட்டச் சொல்லாதீங்க. அவன் ஆசையாக் கொண்டாந்தவன்" என்றார். அதன்பிறகு ஸ்கேன் அறைப் பக்கமே வரவில்லை. மகளைக் கதவுவரை கூட்டிவருவார், பிறகு நடையோரத்தில் சுவரைப் பார்த்துத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நிற்பார்.

மறுநாள் காலை ஸ்கேனில் எந்த மாற்றமும் இல்லை. இரத்தம் அதே சீற்றத்தோடு போனது. கூடம் தயாரா என்று அருள் தாதியிடம் கேட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று முழுக்க வாட்டுக்கும் என் அறைக்கும் நடந்தேன். துடிப்புக் கேட்கும் கருவியைத் தாதிமாரை மாறிமாறி வைக்கச் சொன்னேன். வீட்டுக்குப் போனேனா, என்ன சாப்பிட்டேன், ஒன்றும் நினைவில்லை.

அதற்கடுத்த காலை கருவியை வைத்தேன். கண் பழகிய இடத்துக்கே போனது. சீற்றம் தணிந்திருந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன், பிறகும் அளந்தேன். குழாயின் இடுப்பு விரிந்திருந்தது. வால்வின் கசிவு பாதியாகிவிட்டது. நான் அறைக் கதவைத் திறந்து, "அருள்" என்று கூப்பிட்ட சத்தத்தில் கிளினிக்கில் இருந்த தாய்மார் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். அவர் ஓடிவந்து திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "சரி, இனி எனக்கு அவசரமில்ல" என்றார். அந்த மனிதன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய கொண்டாட்டம் வராது.

சேருக்குப் படம் அனுப்பினேன். பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி வந்தது. "யார் குடுத்தது?"

ஒவ்வொரு கிழமையும் வலது பக்கம் சிறுத்து இடது பக்கத்துக்குச் சமமானது. சுற்றியிருந்த நீர் வற்றியது. றிஸ்மியா மாதம் நிறைந்து, தானாக நோவெடுத்து, ஒரு மகனைப் பெற்றாள். பிறந்ததும் அவன் அழுத அழுகையில் அருள் காதைப் பொத்தினார்.

வீட்டுக்கு அனுப்ப முன் இதயத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அருள் சொன்னார். நானும் போனேன், போகாமல் இருக்க முடியுமா. இந்தமுறை உம்மாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார், றிஸ்மியாவுக்கு இன்னும் நடக்கக் கஷ்டமாக இருந்தது. பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அருள் அந்த இடத்தைத் தேடினார், நிறுத்தினார், புன்னகைத்தார்.

"டொக்டர், அந்தக் குழாய்?" என்று உம்மா மெல்லக் கேட்டார்.

நான் சந்தோசத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "பூட்டிட்டு உம்மா. நல்லாப் பூட்டிட்டு."

அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை இழுத்துக் கதிரையில் இருத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். வயிற்றுக்குள்ளே இருக்கும்வரைதான் அது திறந்திருக்க வேண்டும், மூச்சு எடுத்த பிறகு இரத்தம் சுவாசப்பைக்குப் போக வேண்டும், இனி அது பூட்டத்தான் வேண்டும், பூட்டினால்தான் சுகம். இரண்டுமுறை சொன்னேன். அருளும் ஒருமுறை சொன்னார்.

உம்மா பிள்ளையைப் பார்த்தார். அவன் ஜெல் பூசிய நெஞ்சோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்தமுற நான் ஒண்டும் குடுக்கல்லயே டொக்டர்?"

"இல்ல உம்மா" என்றேன். "இது அவனாப் பூட்டின."